வரதன் மேடு

பிப்ரவரி 9

வரதன் சார் எனக்குப் பதில் போட்டுவிட்டார். எனக்கு! ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற அன்றோவுக்கு! ‘நல்ல கேள்வி தம்பி, தொடர்ந்து பாருங்கள்’ என்று இரண்டு வரி. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘ஜீரோ கெல்வின் பசங்க’ குரூப்பில் போட்டேன். நாலாயிரம் பேர் இருக்கிற குரூப். அட்மின் நான்தான்.

என்றைக்காவது இந்த டைரியை யாராவது படமாக எடுப்பார்கள். அதனால் தெளிவாகவே எழுதிவைக்கிறேன். ஊர் தூத்துக்குடி. வயது இருபது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஃபிசிக்ஸ் முழுக்க வீடியோ பார்த்துக் கற்றது. என் தலைவன், பேராசிரியர் வரதன். வடக்கே ஒரு அணு உலை ஆய்வு மையத்தில் இருக்கிறார். தமிழில் வீடியோ போடுகிறார். திரவ ஹீலியத்தின் மேல் நியூட்ரானை எறிகிறார். இதைவிட ஒரு மனிதன் வாழ்க்கையில் என்ன செய்துவிட முடியும்?

ஹீலியத்தைக் கிட்டத்தட்ட மைனஸ் இருநூற்று எழுபத்தொரு டிகிரிக்குக் கொண்டுபோனால் அது சூப்பர்ஃப்ளூயிட் ஆகிவிடும். உராய்வே இல்லாத திரவம். கிண்ணத்தில் ஊற்றினால் சுவர் ஏறி வெளியே வந்துவிடும். அதற்குள் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க நியூட்ரான்தான் வழி. எந்தக் கோணத்தில் எத்தனை நியூட்ரான் தெறிக்கிறது என்று எண்ணி வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். உலகத்தில் யார் வரைந்தாலும் அதில் 2 என்ற இடத்தில் ஒரு பெரிய மேடு இருக்கும். சார் வரைந்ததில் மட்டும் 2.7-இல் இன்னொரு குட்டி மேடு. அதுவும் சூப்பர்ஃப்ளூயிட்டில் மட்டும்! அதற்கு ‘வரதன் மேடு’ என்று பெயர் வைத்தவன் நான். இப்போது சாரே தன் வீடியோவில் அப்படித்தான் சொல்கிறார்.

வருடத்துக்கு ஒருவரை, டிகிரி இல்லாதவராகப் பார்த்து, சார் தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கிறார். ‘திறந்த கதவு’ என்று அந்த இடத்துக்குப் பெயர். முடிவு மே மாதம். எனக்கு அது வேண்டும். கிடைக்காவிட்டால் பஹ்ரைன் மாமா மீன் கிடங்கில் வாங்கித்தருகிற வேலைக்குப் போயாக வேண்டும். இங்கேயும் மீன், அங்கேயும் மீன். எனக்கு அந்த இடம் வேண்டும்.

பிப்ரவரி 10

கம்பெனியில் ஐஸ் நொறுக்குகிற கிரஷரை ஓட்டும் பெஸ்கி அண்ணனிடம் சாரின் பதிலைக் காட்டினேன்.

“ரெண்டு வரிக்கால இந்த ஆட்டம் ஆடுத? அதுலயும் ஒரு வரி போய்ட்டு வான்னுதான எழுதியிருக்காரு.”

“தொடர்ந்து பாருங்கன்னு போட்டிருக்காருண்ணே.”

“அதாம்ல சொல்லுதேன்.”

பிப்ரவரி 21

அமுதவல்லி அக்கா போன் பண்ணினார்.

அக்கா வரதன் சாரிடம் பிஎச்டி செய்கிறவர். அருப்புக்கோட்டை. ஆய்வேட்டை எழுதி முடிக்கப்போகிறார். என் முதல் வீடியோவில் நியூட்ரானுக்கு நெகட்டிவ் சார்ஜ் என்று நான் உளறியபோது மொத்தக் கமெண்டும் சிரித்தது. அக்கா மட்டும் தனியாக மெசேஜ் போட்டுச் சொன்னார். திருத்திப் போட்டதும் அவரே பகிர்ந்தார். அதிலிருந்து பழக்கம்.

“அன்றோ, ஒண்ணு சொல்லணும். வெளிய யாருக்கும் போகக்கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“அந்த மேடு இருக்குல்ல, அது ஹீலியமே இல்லப்பா. அலுமினியம்.”

சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

அவர் சொன்னது இது. ஹீலியத்தை ஒரு அலுமினியக் கேனில் அடைத்துத்தான் நியூட்ரான் முன்னால் வைக்கிறார்கள். கேனும் நியூட்ரானைத் தெறிக்கவைக்கும். அதனால் வெறும் கேனைத் தனியாக ஒருமுறை ஓட்டி, அந்தக் கணக்கை மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். அதற்குக் காலி கேன் ஓட்டம் என்று பெயர். அந்தச் சோதனையில் சாதாரண ஹீலியம் வரைக்கும் முதல் கேன் நன்றாக இருந்திருக்கிறது. சூப்பர்ஃப்ளூயிட் ஆனதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் வழியாக எல்லாம் கசிந்துவிட்டது. கேனை மாற்றினார்கள். புதுக் கேனுக்குப் புதிதாகக் காலி ஓட்டம் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பழைய கேனின் கணக்கையே கழித்துவிட்டார்கள்.

“ரெண்டும் ஒரே மாதிரி கேன்தானக்கா?”

“பாக்க ஒரே மாதிரி. உள்ள உலோகத்தோட குட்டிக் குட்டி படிக மணியெல்லாம் ஒண்ணுல ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், இன்னொண்ணுல வேற பக்கம். மாத்திக் கழிச்சா மிச்சம் நிக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் நீ பேரு வச்சிருக்க. சூப்பர்ஃப்ளூயிட் எல்லாமே ரெண்டாவது கேன்ல எடுத்தது. அதான் அதுல மட்டும் தெரியுது.”

“ஏன் எடுக்கல?”

“பீம் டைம், அதான் எங்களுக்கு ஒதுக்குன நியூட்ரான் நேரம், முடியப்போவுது, வேண்டாம்னு சார் சொல்லிட்டாரு. அப்பவே நான் கெஞ்சியிருக்கணும்.”

மார்ச்சில் அக்காவுக்குக் கருத்தரங்கு. அதில் இதைச் சொல்லப்போகிறாராம். ஆய்வேட்டில் பொய் எழுத முடியாதாம். உள்ளே யாரிடம் பேசினாலும் சார் காதுக்குப் போய்விடும், நீ வெளி ஆள், நீ ஒருமுறை பார்த்துச் சொல் என்று டேட்டாவை அனுப்பியிருக்கிறார்.

“அலுமினியம்னா 3.1லயும் ஒரு சின்ன மேடு நிக்கணும், அன்றோ. பேப்பர்ல கிராஃப 3லயே வெட்டியாச்சு. நீ முழுசா வரைஞ்சு பாரு.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணினேன்.

பிப்ரவரி 22

காலையில் இரண்டு லோடு ஐஸ். மதியம் அம்மாவுக்கு மிக்ஸி ஜாடியின் ரப்பரை மாற்றிக்கொடுத்தேன். பிறகு முழுசாக வரைந்தேன்.

3.1-இல் ஏதோ இருக்கிறது. கருவியின் வெறும் இரைச்சல்தான். நாய்ஸ். கொஞ்சம் உயரமான நாய்ஸ். கோட்டின் தடிமனைக் கூட்டினேன், தெரியவில்லை. சரியாகப்போயிற்று.

‘தெளிவா ஒண்ணும் இல்லக்கா’ என்று அக்காவுக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 24

ஒரு மனிதரைப் பற்றி அவருக்குப் பின்னால் பேசுவது தவறு. அவருக்குத் தெரியப்படுத்துவதுதான் நியாயம். மாதாவும் இதைத்தான் விரும்புவாள்.

சாருக்கு எழுதினேன். மாலையில் போன் வந்தது. சாரே! குரல் வீடியோவில் கேட்பதைவிட மென்மையாக இருக்கிறது.

“அந்தப் பொண்ணு நல்லா உழைக்கும்பா. பயம்தான் ஜாஸ்தி. காலி கேன் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். முப்பது வருஷமா பாக்குறேன், எது ஹீலியம் எது தகரம்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்!”

“உங்க குரூப்புல எத்தனை பேரு?”

“நாலாயிரம் சார்.”

“நல்லது. விஞ்ஞானம்னா கேள்வி கேக்கணும். என்னையும் கேக்கணும், அவங்களையும் கேக்கணும். எனக்கு இந்த ஆன்லைன்ல பேசுறதெல்லாம் வராது. நீங்கள்லாம் இளைஞர்கள்.” பிறகு, “திறந்த கதவுக்கு எழுதியிருக்கதானே? பேரு பாத்தேன்” என்றார்.

பேரு பாத்தேன்! பேரு பாத்தேன்!

பிப்ரவரி 25

டீக்கடையில் பெஸ்கி அண்ணனிடம் சாரின் போனை வார்த்தைக்கு வார்த்தை நடித்துக் காட்டினேன். காலி கேன் இடத்தை மட்டும் மூன்று தரம். கடைக்காரரும் கேட்டார். எல்லோரும் பாராட்டுவார்கள் என்று பார்த்தால், பெஸ்கி அண்ணன் வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்கிறார்: “அப்பம் அந்தப் பிள்ளை சொன்னது நெசந்தான?”

மாதா! இவர்களோடு எப்படி வாழ்வது!

பிப்ரவரி 28

கேள்வி கேட்டோம். நாலாயிரம் பேரும் கேட்டோம்.

‘அலுமினிய அக்கா’ என்ற பெயர் என்னுடையது. குளிக்கும்போது தோன்றியது. அக்காவின் படத்தில் தலையில் ஒரு சோத்துச் சட்டியைக் கவிழ்த்து, கீழே ‘உள்ளே ஒண்ணும் இல்லை, காலி’ என்று போட்டேன். நான் செய்ததிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது இதுதான். ஒரு பெரிய பக்கம்கூட எடுத்துப் போட்டிருக்கிறது.

மார்ச் 4

பசங்க கொஞ்சம் அதிகமாகப் போகிறார்கள். கல்யாணம் ஆகாததைப் பற்றி. நிறத்தைப் பற்றி. ஒருவன் குரலை மாற்றி ஒரு ஆடியோ செய்திருக்கிறான். அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அக்காவின் போன் நம்பரை நான் போடவில்லை. அக்காவின் மெசேஜ் என்று முன்பு நான் பெருமையாகப் பகிர்ந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் இருந்து எவனோ எடுத்திருக்கிறான். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இப்போது அழிக்கலாம். ஆனால் அதில் எனக்கு ஐந்நூறு லைக் இருக்கிறது.

மார்ச் 7

அக்காவிடமிருந்து மெசேஜ்.

‘அன்றோ, குரூப்ப கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. எப்படியோ அம்மா நம்பரையும் புடிச்சு அம்மாவுக்கு போன் பண்றாங்க. அசிங்கமா பேசுறாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, ரேஷன் கடையிலேருந்து பேசுறாங்கன்னு நெனச்சு ஒவ்வொரு தடவயும் எடுக்குது.’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தலைவனைக் குத்துகிறவர் நம்மிடமே வந்து உதவி கேட்கிறார். எழுதினேன்: ‘காலி கேன் வேண்டாம்னு சொன்னது தான்தான்னு சாரே எங்கிட்ட போன்ல சொன்னாரு. தெரிஞ்சுதான் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.’

வெகுநேரம் டைப் செய்துகொண்டே இருந்தார். கடைசியில் வந்தது ‘சரி அன்றோ’ மட்டும்.

தோற்றவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள்.

மார்ச் 14

கருத்தரங்கை நேரலையில் பார்த்தோம். நான் லீவு போட்டேன். ஆரம்பத்திலிருந்தே குரூப்பில் ஒரே கொண்டாட்டம். ‘மேடு நிஜம்’, ‘அலுமினியம் ஒழிக’ என்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தோம்.

அக்கா ரொம்ப இளைத்திருந்தார். வரைபடத்தை முழுசாகக் காட்டினார். அதில் 3.1-இல் இருந்தது கொஞ்சம் தெளிவாகத்தான் தெரிந்தது. அவர் மெல்லிய கோடு போட்டிருந்தார்.

முடிந்ததும் முதல் வரிசையில் இருந்து சார் எழுந்தார்.

“அமுதவல்லி, ரெண்டாவது கேன மாட்டினப்ப ஷிப்ட் யாரோடது?”

“என்னோடதுதான் சார்.”

“அதுக்குக் காலி ஓட்டம் எடுத்தீங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

“நீங்க வேண்டாம்னு சொன்னீங்க சார். பீம் டைம் இல்லன்னு.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அஞ்சு வருஷம் எங்கிட்ட படிச்ச பொண்ணு. காலி கேன எடுத்துட்டுத்தான் கழிக்கணும்ங்கிறத நான் வந்து சொல்லணுமா?” அரங்கத்தில் சிரிப்பு. “மேடு அலுமினியம்தான். நான் ஒத்துக்கிறேன். தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா தப்ப செஞ்சவங்களே அத கண்டுபிடிச்சவங்களா வந்து மேடையில நிக்கிறத இப்பதான் பாக்குறேன்.”

இன்னும் பெரிய சிரிப்பு. அக்கா ஏதோ சொன்னார். மைக்கை அணைத்துவிட்டார்கள் போல. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

ஒரு நிமிடம் எங்கள் குரூப்பில் யாரும் எதுவும் போடவில்லை. அப்படியென்றால் மேடு இல்லையா? பிறகு எனக்கு விளங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு! இத்தனை பேர் முன்னால் தன் மேடே தப்பு என்று எந்தப் பேராசிரியர் சொல்வார்? ‘நேர்மை என்றால் வரதன்’ என்று முதல் ஆளாகப் போட்டேன். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பழைய பதிவுகளை ஆளுக்கு ஒரு பக்கமாக அழித்தோம்.

மார்ச் 15

‘வரதன் மேடு’ என்று நான் பெயர் வைத்த வீடியோவை எடுத்துவிட்டேன். இப்போது அதை ‘அமுதா மேடு’ என்கிறார்கள். யாரோ வைத்தது.

சரி, நான் வைத்தது.

மார்ச் 25

காலி ஓட்டம் வேண்டாம் என்றது சார்தான் என்று அக்கா மேலிடத்தில் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். நான் அனுப்பிய அந்த மெசேஜையும் காட்டியிருக்கிறார். நாளைக்கு என்னோடு வீடியோவில் பேசுவார்களாம்.

மதியம் சார் கூப்பிட்டார். “உண்மைய மட்டும் சொல்லுப்பா. உனக்கு நிச்சயமா ஞாபகம் இருக்குறத மட்டும். இல்லாதத சொல்ல வேண்டாம்.” மே முடிவுப் பட்டியல் தன் மேஜையில்தான் இருக்கிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார்.

ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லித் தரவில்லை. எவ்வளவு நேர்மை.

மார்ச் 26

ஐஸ் கம்பெனியின் பின்பக்கம், சத்தம் குறைவான இடமாகப் பார்த்து நின்றேன். திரையில் மூன்று பேர். அதில் ஒரு மேடம் தமிழ்.

“அன்றோ, இந்த மெசேஜ் நீங்க அனுப்பினதுதான?”

“ஆமா மேடம்.”

“பேராசிரியர் உங்ககிட்ட போன்ல இப்படிச் சொன்னாரா?”

“இல்ல மேடம்.”

“அப்ப ஏன் எழுதினீங்க?”

“சும்மா கெத்துக்குப் போட்டேன் மேடம். அவங்கள வெறுப்பேத்த.”

“தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு இத விட்டா வேற சாட்சி இல்ல.”

“உறுதியா சொல்றேன் மேடம். சார் அப்படிச் சொல்லல.”

திரும்பினால் பெஸ்கி அண்ணன். கிரஷரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருக்கிறார்.

“ஏல, டீக்கடையில மூணு தரம் நடிச்சுக் காட்டுன.”

“அது சும்மாண்ணே.”

“சும்மாவால?”

போய்க் கிரஷரைப் போட்டார். மதியம் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காரவில்லை. பொறாமை. நான் போய்விட்டால் கேலி செய்ய அவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 16

மீன்பிடித் தடைக்காலம் நேற்று தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் எல்லாம் கரையில். கம்பெனி பாதி மூடல். நாள் முழுக்க வீட்டில்.

தெரியாத எண்ணில் இருந்து போன். எடுத்தால் ஒரு அம்மா.

“தம்பி, அன்றோவா? நான் அமுதாவோட அம்மா பேசுறேன்ப்பா. அதோட போன்ல ஒங்க நம்பர் இருந்துச்சு. நல்ல பையன்னு ஒங்கள பத்தி எப்பவும் சொல்லும். அங்க படிப்பு வேண்டாம்னு அனுப்பிட்டாங்களாம், வந்து படுத்தே கெடக்குது. ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த பேசுனா கேக்கும். பக்கத்துலதான் இருக்கு, குடுக்கட்டா?”

“சிக்னல் இல்லம்மா, சரியா கேக்கல” என்றேன்.

“இப்ப கேக்குதாப்பா? வாசலுக்கு வந்துட்டேன். இப்ப கேக்குதா?”

வைத்துவிட்டேன். அம்மா வாழைக்காய் வறுத்திருந்தாள். உப்பு அதிகம்.

மே 8

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது!!!

மூன்று மாதம் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் ஒரு வருடம். அம்மா கோயிலுக்கு ஓடினாள். பஹ்ரைன் மாமாவிடம் அப்பாவே பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குரூப்பில் என் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். செத்தவனுக்குப் போடுவது மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

பெஸ்கி அண்ணனுக்கு லட்டு கொண்டுபோனேன். சர்க்கரை இருக்கிறது என்றார். போன வாரம்தான் என் ஜிலேபியைப் பிடுங்கித் தின்றார்.

ஜூன் 3

வந்துவிட்டேன். எவ்வளவு பெரிய மண்டபம்! நடுவில் நம் வீட்டு உயரத்துக்கு ஒரு குடுவை, கிரையோஸ்டாட். அதற்குள்தான் ஹீலியம் குளிரும். கேன் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு டார்ச் லைட் அளவுதான் இருக்கும். தொட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது முத்தமும் கொடுத்தேன்.

சார் என் தோளில் கைபோட்டு எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். “இவன்தான் அன்றோ. நம்ம பையன்.” எல்லோரும் ஹலோ என்றார்கள். பிறகு ஏதோ வேலை இருக்கிறதென்று போய்விட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் கூச்ச சுபாவம்.

ஜன்னல் ஓரம் மேஜை கொடுத்திருக்கிறார்கள். டிராயரில் யாருடைய ஹேர்பின்னோ இருந்தது. குப்பையில் போட்டேன்.

ஜூன் 9

நான் டீ ரூமுக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இங்கே எல்லோருமே இப்படித்தான் போல. பிபின் என்று ஒரு மலையாளிப் பையன் இருக்கிறான், நம் வயதுதான். நான் போய் உட்கார்ந்தால் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போகிறான்.

பேசுகிற ஒரே ஆள் தயாளன் அண்ணன். ஆற்காட்டுக்காரர். கிரையோஸ்டாட்டில் ஹீலியம் நிரப்புவது, கேன் மாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் நாள் மண்டபத்து ஏசிக் குளிரில் நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் ஸ்வெட்டரைக் கொடுத்தார். இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

சார் தினமும் சாயங்காலம் என்னை அறைக்குக் கூப்பிடுகிறார்! டீ வரவழைக்கிறார். “என்னப்பா, பசங்க என்ன பேசிக்கிறாங்க?” என்று கேட்பார். கேட்டதையெல்லாம் சொல்வேன். பிஎச்டி மாணவர்களுக்கே மாதத்தில் ஒருமுறைதான் அந்த அறை!

ஜூன் 18

பீம் டைம் நெருங்குகிறது. கேன் கசிகிறதா என்று காலையில் தயாளன் அண்ணன் சோதித்துக்கொண்டிருந்தார். நான் விளக்கு பிடித்தேன்.

“தம்பி, இந்தத் தபா காலி கேன மொதல்லயே ஓட்டிட்டா நிம்மதி. ரெண்டு கேனுக்கும் எடுத்து வச்சிட்டா எது கசிஞ்சாலும் கவலை இல்ல. சார் நல்ல மூடுல இருக்கசொல்லோ நானே கேக்குறேன்.”

மதியம் தன் சப்பாத்தியில் பாதியைப் பிய்த்து எனக்கு வைத்தார்.

சாயங்காலம் சார் அறை.

“என்ன பேசிக்கிறாங்க?”

“ஒண்ணும் இல்ல சார். யாரும் எங்கிட்ட பேசுறதில்ல.”

“நேத்தும் ஒண்ணும் இல்ல. முந்தாநாளும் ஒண்ணும் இல்ல.” சார் சிரித்தார். “மூணு மாசம் ஆனதும் உன்ன வச்சிக்கணுமா வேண்டாமான்னு நான் எழுதிக் குடுக்கணும்ப்பா. எதுவுமே காதுல விழாத பையன்னு எழுதவா?”

டீ ஆறிக்கொண்டிருந்தது.

“தயாளன் அண்ணன் சார்... காலி கேன மொதல்லயே ஓட்டணும்னாரு.”

“ம்.”

“அமுதாக்கா சொன்னதுதான் சரின்னாரு.”

“ம். அப்புறம்?”

“சார் பேச்ச நம்பி இனிமே கேன் மாட்ட முடியாதுன்னாரு.”

சார் டம்ளரை மேஜையில் ஒரு சுற்று சுற்றினார். “நெனச்சேன்” என்றார். பிறகு பிஸ்கெட் தட்டை என் பக்கம் தள்ளினார். முந்திரி போட்டது. நாலு சாப்பிட்டேன்.

ஜூன் 21

பீம் டைம் தொடங்கிவிட்டது! தயாளன் அண்ணனைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் பழைய சிலிண்டர்களை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பகல் ஷிப்ட் எனக்கும் பிபினுக்கும்! வந்து மூன்று வாரம்கூட ஆகாத எனக்கு!

இந்த முறை இரண்டு கேனுக்கும் காலி ஓட்டம் முதலிலேயே எடுக்க வேண்டும் என்று சார் உத்தரவு போட்டிருக்கிறார். ‘எங்கள் புதிய நடைமுறை’ என்று அதற்கு ஒரு வீடியோவும் எடுத்தார். கேமரா பிடித்தது நான்.

போவதற்கு முன் தயாளன் அண்ணன் வந்து, எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இரண்டு தடவை காட்டினார்.

“அவசரப்படாத தம்பி. பைப்ப வெறும் கையால தொட்றாத, தோலு ஒட்டிக்கும்.”

“சரிண்ணே.”

“ஏன் தம்பி, என்னைய எதுக்கு எடுத்தாங்கன்னு தெரியுமா? பதினோரு வருஷத்துல ஒரு பீம் டைம் நான் விட்டதில்ல. சார் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

“தெரியலண்ணே.”

“எதுனா தெரிஞ்சா சொல்லு. நான் தப்பா ஏதும் பண்ணியிருந்தா போய் மன்னிப்பு கேட்டுக்கிறேன்.”

தலையாட்டினேன். அவருடைய ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தேன். மண்டபத்தில் அவ்வளவு குளிர்.

கதவு திறந்து நியூட்ரான் வரத் தொடங்கியதும் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கோணம். அழுகையே வந்துவிட்டது. பிபினைப் பார்த்து, “செம இல்ல?” என்றேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. வந்த நாளிலிருந்தே பேசியதில்லை.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். டீ, முந்திரி பிஸ்கெட்.

“எப்படி இருக்கு ஷிப்ட்?”

“சூப்பர் சார்!”

“பிபின் என்ன சொல்றான்?”

“யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றேன்.